வருடக் கடைசிப் பாட்டுப் பட்டியல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஒவ்வொரு டிசம்பரிலும் 20ஆம் தேதி வாக்கில் ஏழெட்டு நண்பர்களுக்கு ஒரு பாட்டுப் பட்டியல் அனுப்புவேன். எல்லாம் ப்ளூஸும் ராக்கும்தான். மொத்தம் 24 பாட்டு, இரண்டிரண்டாக 12 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் நாலு வரிக் குறிப்பு. பட்டியல் கைமாறிக் கைமாறி எனக்கு முகம் தெரியாதவர்களிடமும் போய்விடுகிறது. அவர்களிடமிருந்து வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள் வருகின்றன. ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து எழுதியது இது.

பாட்டுக் கொடுக்க டிசம்பர்தான் கிடைத்ததா?

கேசட் காலத்துப் பழக்கம். அரைப் பரீட்சை லீவு விட்டதும் ஒரு தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்போம். ஒரு வாரத்தில் 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு நடுவில் அறுந்து போகாதபடி முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பட்டியல் போடும் வித்தையை நான் கற்றது அந்தக் கூட்டல் கணக்கில்தான்.

ஒரு தடவை என் கணக்கு தப்பி, ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் மிச்சமாகிவிட்டது. கடைக்காரருக்கு வெறும் டேப்பை விட மனம் வரவில்லை போலிருக்கிறது, நான் கேட்காத ஒரு பாட்டைப் போட்டு அனுப்பிவிட்டார். மட்டி வாட்டர்ஸ் 1955இல் பதித்த 'மேனிஷ் பாய்'. முதலில் எரிச்சல்தான் வந்தது. பொங்கலுக்குள் அந்தக் கேசட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்துபோனது.

இந்த வருடம் வெளிவந்த பாட்டுகள் மட்டும்தானா?

பத்திரிகைகள் போடும் 'இந்த ஆண்டின் சிறந்த பத்து' வேறு வேலை, அதை அவர்களே செய்யட்டும். நான் இந்த வருடம் முதல்முறையாகக் கேட்டதாக இருக்க வேண்டும், அல்லது பல வருடம் கேட்டும் இந்த வருடம்தான் பிடிபட்டதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. 1928இல் பதிவான பாட்டு போன ஆடி மாதம் என் காதில் விழுந்தால், எனக்கு அது இந்த வருடத்துப் பாட்டு.

ப்ளூஸ் என்றால் சரியாக என்ன? எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே!

ஒரே மாதிரி இருப்பது உண்மைதான். வெண்பாவும் எல்லாம் ஒரே மாதிரிதானே! சட்டகம் ஒன்று, அதற்குள் யார் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம்.

சட்டகம் இது. நாலு தட்டு கொண்ட 12 பார்கள். கிட்டார் மூன்றே கார்டுகளில் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளில்) நகரும். நம் ஸ்வரங்களில் சொன்னால் ஸ, ம, ப ஆகிய மூன்றின் மேல் கட்டிய கார்டுகள். முதல் நாலு பார் ஸ-வில் நிற்கும். அடுத்த இரண்டு ம-வுக்குப் போய், மறுபடி இரண்டு பார் வீட்டுக்குத் திரும்பும். கடைசி நாலில் ப, ம என்று இறங்கி ஸ-வில் வந்து உட்காரும். பாட்டு வரியும் அப்படியே மூன்று பங்கு: ஒரு வரி, அதே வரி இன்னொரு தடவை, அப்புறம் பதில் போல ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் பிறகு குரல் ஒதுங்கிக்கொள்ள, கிட்டாரோ மவுத் ஆர்கனோ அந்த இடைவெளியில் பேசும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ப்ளூஸ் கிட்டார்காரர்கள் அதிகம் புழங்கும் ஐந்து ஸ்வரங்கள் ஸ, சாதாரண காந்தாரம், ம, ப, கைசிகி நிஷாதம். அதாவது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ஆனால் சுத்த தன்யாசி கேட்கப்போகிறோம் என்று உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். கீழே அடிக்கும் கார்டில் அந்தர காந்தாரம் இருக்கும், மேலே பாடுபவரோ சாதாரண காந்தாரத்தைப் பிடிப்பார், அல்லது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இழுத்து நிறுத்துவார். ராகத்தில் இரண்டு காந்தாரமும் இப்படி முட்டிக்கொண்டால் வாத்தியார் திட்டுவார். ப்ளூஸில் அந்த முட்டல்தான் ருசி.

சரி, ராக் எங்கிருந்து வந்தது?

சுருக்கமாகச் சொன்னால் சத்தத்திலிருந்து. மிசிசிப்பியின் பருத்திக் காடுகளில் வேலை செய்த கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் போன்ற தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மட்டி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ போனார். சனிக்கிழமை இரவு மதுக்கடைக் கூச்சலில் மரக் கிட்டார் யார் காதிலும் விழாது, அதனால் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். அவருடைய குழுவில் மவுத் ஆர்கன் வாசித்த லிட்டில் வால்ட்டர், மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைகளுக்குள் பொத்திப் பிடித்து ஆம்ப்ளிஃபையர் வழியாக ஊதினார். 1952இல் அவர் பதித்த 'ஜூக்' வார்த்தையே இல்லாத இசை. அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் வரிசையில் முதலிடத்துக்குப் போனது.

இந்த இசைத்தட்டுகளைக் கடல் கடந்து வரவழைத்துக் கேட்ட ஆங்கிலேயப் பையன்கள் சிலர் 1960களில் குழு ஆரம்பித்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின் போன்ற ராக் குழுக்கள் அந்த வழியில் வந்தவைதான்.

எதற்கு ஜோடி ஜோடியாகக் கொடுக்கிறீர்கள்?

பட்டியலின் உயிரே அதுதான் என்பதால் இதற்கு மட்டும் நீட்டிச் சொல்கிறேன்.

ராக் பாட்டு ஒன்றைக் கொடுத்தால் அதன் தாய்ப்பாட்டையும் கூடவே கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். 1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெரு வெள்ளம். கரைகள் உடைந்தன, லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1929இல், கேன்சஸ் ஜோ மெக்காயும் அவர் மனைவி மெம்ஃபிஸ் மின்னியும் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' என்று கரை உடைவதைப் பற்றியே ஒரு பாட்டுப் பதித்தார்கள். இரண்டு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். விஷயம் இவ்வளவு கனமாக இருந்தும் நடை லேசானது, காலால் தாளம் போடலாம்.

1971இல் லெட் செப்பலின் அதையே எடுத்தது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் ஜான் போனமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலேயிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். கல் உருளுவது போல வரும் அந்தத் தாளத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் எல்லாம் போனபிறகு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இரண்டாவதில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எது ஒசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள், காலையில் ஒரு பதில் சொல்வேன், ராத்திரி வேறு சொல்வேன். பாட்டு ஆசிரியர்கள் வரிசையில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரைச் சேர்த்தார்கள். மூலத்தைப் பாடிய கேன்சஸ் ஜோவின் பெயர் அதில் இல்லை.

இன்னொரு ஜோடி, உண்மையில் மூன்று பாட்டு. 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' 1928இல் பிளைண்ட் வில்லி மெக்டெல் தனியாக உட்கார்ந்து 12 கம்பிக் கிட்டாரில் பதித்தது. 1968இல் தாஜ் மஹால் (கட்டடம் இல்லை, அமெரிக்கப் பாடகரின் மேடைப் பெயர்) அதை ஒரு குழுவோடு பாடினார். அதைக் கேட்டு மயங்கிய டுவேன் ஆல்மன், சளி மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, கம்பியின் மேல் இழுத்து வாசிக்கும் ஸ்லைடு பழகினார். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் பதித்த நேரடி ஆல்பம் இந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. அந்த அக்டோபரிலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் போய்விட்டார். வயது 24.

அப்படியென்றால் ராக்காரர்கள் எல்லாம் திருடர்கள் என்கிறீர்களா?

சிலர் செய்தது திருட்டுத்தான். லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' 1969இல் வந்தபோது வில்லி டிக்ஸனின் பெயர் அதில் இல்லை. மட்டி வாட்டர்ஸுக்காக அவர் எழுதிய ஒரு பாட்டோடு அது ஒத்துப்போனது. 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசம் ஆனது, அப்புறம்தான் பெயர் வந்தது.

ரோலிங் ஸ்டோன்ஸ் கதை வேறு. குழுவின் பெயரே மட்டி வாட்டர்ஸின் 1950ஆம் வருடப் பாட்டிலிருந்து எடுத்தது, அதை அவர்கள் மறைக்கவில்லை. 1964 டிசம்பரில் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டை பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் டிக்ஸன் எழுதியது, 1961இல் ஹவுலின் வுல்ஃப் பாடியது. மறுவருடம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்தபோது, ஹவுலின் வுல்ஃபையும் மேடையேற்றினால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறடிக்கு மேல் உயரமான அந்த மனிதர் பாட, ஸ்டோன்ஸ் பையன்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட காட்சி இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது.

ப்ளூஸ்காரர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் வரியையும் மெட்டையும் எடுத்துக்கொண்டவர்கள்தான். எடுத்ததில் எனக்குக் கோபமில்லை. பெயரையும் காசையும் விட்டுவிட்டதில்தான் கோபம். என் பட்டியலால் யாருக்கும் காசு போய்ச் சேரப்போவதில்லை, பெயராவது சேரட்டும்.

வருடக் கடைசிக்கென்றே ப்ளூஸ், ராக் இருக்கிறதா?

நிறைய. சார்லஸ் பிரவுன் 1960இல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு 'ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்'. 1978இல் ஈகிள்ஸ் அதைத் திரும்பப் பாடினார்கள். தயாராக இருக்கும் ஜோடி, நான் தேடவே வேண்டியதில்லை. டெக்சஸ்காரர் லைட்னின் ஹாப்கின்ஸ் 1953இல் 'ஹேப்பி நியூ இயர்' என்றே ஒரு ப்ளூஸ் பதித்தார்.

ஆனால் எனக்குப் பிடித்த வருடக் கடைசிக் கதை 1938 டிசம்பர் 23இல் நடந்தது. நியூயார்க் கார்னகி அரங்கில் ஜான் ஹாமண்ட் என்பவர் கறுப்பின இசையின் முழு வரலாற்றையும் ஒரே மாலையில் மேடையேற்றத் திட்டமிட்டார். மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனை எப்படியாவது கூட்டி வர வேண்டும் என்று ஆள் அனுப்பித் தேடினால், அவர் ஆகஸ்டிலேயே இறந்துபோயிருந்தார். ஹாமண்ட் என்ன செய்தார் தெரியுமா? மேடையில் கிராமஃபோனை வைத்து, ஜான்சனின் இரண்டு இசைத்தட்டுகளைச் சபைக்குப் போட்டுக் காட்டினார். நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டு 'இதைக் கேளேன்' என்று சொல்வதையே அவர் கார்னகி அரங்கில் செய்திருக்கிறார். ஜான்சனுக்குப் பதிலாக வந்து பாடிய பிக் பில் புரூன்சி அப்போது சிகாகோவில் பெயர் பெற்ற தொழில்முறைக் கலைஞர். அவரைக் குத்தகை விவசாயி என்று அறிமுகப்படுத்தினார்களாம். அது கொஞ்சம் ஓவர்.

ராக் பக்கம் வந்தால் 1969 டிசம்பர் 31. அதே ஃபில்மோர் ஈஸ்டில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பில்லி காக்ஸ், படி மைல்ஸ் மூவரும் அன்றும் மறுநாளும் இரண்டிரண்டு கச்சேரி செய்தார்கள். 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்' ஆல்பத்தில் இருக்கும் ஆறு பாட்டும் ஜனவரி 1ஆம் தேதிக் கச்சேரிகளில் பதிந்தவை. அதில் 12 நிமிடம் ஓடும் 'மெஷின் கன்' வியட்நாம் போர்க் காலத்துப் பாட்டு. கிட்டாரில் துப்பாக்கிச் சத்தமும் கேட்கும், அழுகையும் கேட்கும். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன், பிரியாணி அப்படியே இருந்தது.

விருந்துக்கு ஏற்றது வேண்டுமானால் 1978 டிசம்பர் 31, சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கை மூடிய இரவு. ப்ளூஸ் பிரதர்ஸ் முன்னால் வாசிக்க, கிரேட்ஃபுல் டெட் விடியும்வரை வாசித்தார்கள். முடிந்ததும் வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள்.

ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் பிசாசுக்கு ஆன்மாவை விற்றது நிஜமா?

கட்டுக்கதை. வாசிக்கத் தெரியாத பையனாகப் போய்க் கொஞ்ச காலத்தில் மேதையாகத் திரும்பினார் என்று மூத்த ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் சொன்னதைச் சுற்றி வளர்ந்தது. நடுவில் ஐக் ஸிம்மர்மன் என்பவரிடம் பாடம் கேட்டிருக்கிறார். தொந்தரவில்லாத இடம் என்று இருவரும் ராத்திரியில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பழகினார்கள். பிசாசுக் கதை கிளம்ப இது போதாதா? நிஜம் இதைவிட வியப்பானது: 1936இலும் 1937இலும் பதித்தது மொத்தம் 29 பாட்டு, இறந்தபோது வயது 27, நினைவுக் கல் மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது.

பழைய பதிவுகளில் கரகரவென்று சத்தம். கேட்கவே முடியவில்லை.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1920களின் இசைத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்பவை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். சில பாட்டுகளுக்கு உலகத்தில் ஒன்றிரண்டு தேய்ந்த தட்டுகளே மிஞ்சியிருக்கின்றன, நாம் கேட்பது அவற்றிலிருந்து எடுத்த பிரதி. மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனைப் பதித்த பாராமவுண்ட் நிறுவனத்தை நடத்தியது விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனி! கிராமஃபோன் பெட்டி விற்க வேண்டும், பெட்டி விற்கத் தட்டு வேண்டும், அதற்காக இறங்கினார்கள். தட்டு மலிவுச் சரக்கு, கரகரப்புக்குக் கேட்பானேன்.

அதனால் பின்னாலிருந்து முன்னால் போங்கள். பி.பி. கிங் 1964 நவம்பரில் சிகாகோவில் பதித்த 'லைவ் அட் தி ரீகல்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள், பதிவு சுத்தம், கூட்டத்தின் கூச்சலும் சேர்த்து. அடுத்து 1950களின் மட்டி வாட்டர்ஸ். அங்கிருந்து 1930களுக்கு இறங்கினால் காது தானாகக் கரகரப்பை ஒதுக்கப் பழகியிருக்கும். ஹெட்போனில் கேட்காமல் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் இன்னும் நல்லது.

பட்டியலில் பெண்களே கம்மியாக இருக்கிறார்களே?

போன வருடம் வந்த புகார், நியாயமானது. ப்ளூஸை இசைத்தட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே ஒரு பெண்தான்: 1920 ஆகஸ்டில் 'கிரேஸி ப்ளூஸ்' பதித்த மேமி ஸ்மித். அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனிகள் மற்றவர்களைத் தேடி ஓடின.

இந்த வருடம் பிக் மாமா தோர்ன்டனின் 'ஹவுண்ட் டாக்' உண்டு, 1952இல் பதிந்தது. ஜோடி, எல்விஸ் 1956இல் பாடியது. வெள்ளையர் எடுத்துக்கொண்ட கறுப்பினப் பாட்டு என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள், தோர்ன்டனுக்காகவே எழுதினார்கள்.

அப்புறம் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1964 மே மாதம், மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். ஒரு பிளாட்பாரத்தில் மேடை, எதிர் பிளாட்பாரத்தில் ஜனங்கள். மழை கொட்டி ஓய்ந்த நேரம். கோட்டும் வெள்ளைக் கிட்டாருமாக வந்து மழையைப் பற்றிய பாட்டையே எடுத்தார். தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்தது, தேடினால் கிடைக்கும். இதை மட்டும் கேட்டால் போதாது, பார்க்கவும் வேண்டும்.

இதில் நம் ஊர்க்காரர்கள் யாராவது?

இரண்டு பேர் இருக்கிறார்கள். மேலே சொன்ன அதே தாஜ் மஹால், 1995இல் மோகன வீணை வி.எம். பட்டோடும் சித்ரவீணை என். ரவிகிரணோடும் சேர்ந்து 'மும்தாஜ் மஹால்' என்று ஓர் ஆல்பம் பதித்தார். ராபர்ட் ஜான்சனின் 'கம் ஆன் இன் மை கிச்சன்' அதில் இருக்கிறது. சித்ரவீணை என்பது நம் கோட்டுவாத்தியம்தான். மெட்டுக்கட்டு கிடையாது, கம்பியின் மேல் உருளையை இழுத்து வாசிப்பது. டுவேன் ஆல்மன் மருந்துக் குப்பியால் செய்ததும் அதேதான்.

பாட்டுகளை ஃபைலாக அனுப்புவீர்களா?

மாட்டேன். பெயர், வருடம், பாடியவர், எங்கே கேட்கலாம் என்ற விவரம், இவ்வளவுதான். பிடித்துப்போனால் காசு கொடுத்து வாங்குங்கள்.

பதிலுக்கு நாங்களும் பட்டியல் அனுப்பலாமா?

கட்டாயம். ஆனால் 100 பாட்டு அனுப்பாதீர்கள், நான் கேட்க மாட்டேன், கேட்டேன் என்று பொய் சொல்வேன். ஆறு பாட்டு போதும், ஒவ்வொன்றையும் எப்போது, எங்கே முதலில் கேட்டீர்கள் என்று ஒரு வரியோடு.

24 எல்லாம் முடியாது. ஒரே ஒரு ஜோடி சொல்லுங்கள்.

1927 டிசம்பர் 3ஆம் தேதி டாலஸில் பிளைண்ட் வில்லி ஜான்சன் பதித்த 'டார்க் வாஸ் தி நைட், கோல்ட் வாஸ் தி கிரவுண்ட்'. அவர் பக்திப் பாடகர், ப்ளூஸ் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். வார்த்தை கிடையாது, முனகலும் ஸ்லைடு கிட்டாரும் மட்டும்தான். ஆங்கிலம் புரியவில்லை என்ற சாக்கும் செல்லாது. 1945இல் டெக்சஸின் போமாண்ட் ஊரில் வறுமையில் செத்துப்போனார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் அடையாளமாகப் பொன்முலாம் பூசிய தட்டு ஒன்றை வைத்து அனுப்பினார்களே, அதில் இந்தப் பாட்டு இருக்கிறது.

ஜோடி, அதே தட்டில் இருக்கும் சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்', 1958. முதலில் சக் பெர்ரியைப் போடுங்கள், அப்புறம் வில்லி ஜான்சன். மாற்றிப் போட்டால் சக் பெர்ரியைக் கேட்கும் மனநிலை இருக்காது.